காயிலில் கட்டிய பெயர்

அத்தியாயம் 14

போன வாரம் ஆனந்த்ராஜை, ஆட்டோவிலிருந்து ஒரு நீளமான கறுப்புப் பெட்டியோடு வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அப்படியே நிறுத்தியிருந்தோம். ஏழு வருஷமாக ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவன், ஒரு கடுதாசி கூடப் போடாமல் திடுதிப்பென்று வந்து நின்றால் வீடு என்ன பாடுபடும்? அந்தப் பாடு பட்டது. தங்கச்சி இளவேனில் அழுதாள். தம்பி ஸ்டான்லி குதித்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் சென்ட் பாட்டில் ஏதாவது தேறுமா என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

பெட்டியைத் திறந்ததும் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். சிவப்பு வெல்வெட்டில் படுத்திருந்தது ஓர் எலக்ட்ரிக் கிதார். அதன் தலையில் தங்க எழுத்தில் ‘கிரான்வெல்’ என்று பேர். அமெரிக்கக் கம்பெனி. கிதார் பிடிக்கிற எவனும் அந்தப் பேரைச் சொல்லும்போது செருப்பைக் கழற்றாத குறையாகத்தான் சொல்வான்.

இளவேனில் மட்டும் அதைத் தொடாமல் ஓரமாக ஒதுங்கி நின்றாள். அது ஏன் என்று நம்முடைய பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நாகல் நகரில் மோட்டார் காயில் சுற்றுகிற கடை அவளுடையது. அப்பா ராயப்பராஜ் வைத்துவிட்டுப் போன கடை. அகரம், தாடிக்கொம்பு, நத்தம் பக்கத்து வெள்ளாமைச் சம்சாரிகள் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அதைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஸ்டான்லி கிதார் வேண்டுமென்று சோறு தண்ணி இல்லாமல் கிடந்தபோது, அவளே ஒன்று செய்து கொடுத்தாள். சிறுமலைப் பலாப் பலகையில் உடம்பு, பழைய தேக்கு நிலையை அறுத்துக் கழுத்து. தந்திக்கு அடியில் இருந்துகொண்டு அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற காயிலுக்கு பிக்கப் என்று பேர். அந்த பிக்கப் இரண்டையும் தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியில் அவள் கையாலேயே சுற்றினாள்.

அந்தக் கிதாரின் சத்தத்தைக் கேட்டவர்கள் இன்னொரு தடவை கேட்க வந்தார்கள். ஆனாலும் வீட்டில் செய்தது என்று தெரிந்தால் இசைக் குழுவில் சேர்க்கமாட்டார்கள் என்று, ஸ்டான்லி அதன் தலையில் ஒரு வெளிநாட்டு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டான். ஊரும் நாலு வருஷமாக அந்த ஸ்டிக்கருக்குத்தான் கைதட்டிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு அந்தோணியார் திருவிழா. சாயங்காலம் கச்சேரி. மேடையில் எல்லார் முன்னாலும் அந்த ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, ‘இது என் அக்கா செஞ்சது’ என்று சொல்வதாக ஸ்டான்லி வாக்குக் கொடுத்திருந்தான். அதைக் கேட்க பேகம்பூரிலிருந்து ரஹ்மத்துல்லா வருவதாக இருந்தார். வாத்தியக் கடை வைத்திருப்பவர், கிதாருக்குத் தந்தி முறுக்குகிற சாவி, தந்தி எல்லாம் அவர் கடையில்தான் வாங்கினாள்.

“ஒரு பொம்பளப் புள்ள செஞ்ச கிதாருன்னு நான் சொன்னா, யாவாரத்துக்குச் சொல்றாரும்பாங்கம்மா. வாசிக்கிறவன் வாயால சபையில சொல்லட்டும். மறுநாளே என் கடைக் கண்ணாடிக்குள்ள உன் பேரு போட்ட கிதாரு தொங்கும்” என்று சொல்லியிருந்தார்.

உன் பேரு போட்ட கிதார். இருபத்தேழு வயசில் இளவேனில் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். சேலைக்கு ஆசைப்பட்டாளா, நகைக்கு ஆசைப்பட்டாளா? அதற்குள் வந்து இறங்கிவிட்டது கறுப்புப் பெட்டி.

சரி, கதைக்கு வருவோம்.

காலையில் இட்லி வைக்கும்போதுதான் இளவேனில் கவனித்தாள். அண்ணன் வந்ததிலிருந்து இடது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். நேற்று ராத்திரி, பயணத்தில் சுளுக்கிக்கொண்டது என்றான். அவளும் நம்பினாள்.

“செத்த நேரம் இந்தத் தட்டப் பிடிண்ணே, சட்னி எடுத்தாரேன்” என்று நீட்டினாள்.

அவன் மறந்துபோய் இரண்டு கையையும் நீட்டிவிட்டான். துண்டு நழுவியது. இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இல்லை.

தட்டு கீழே விழவில்லை. அவள்தான் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“இது எப்பண்ணே?”

“போன தீவாளி சமயம். கம்ப்ரஸர் ஃபேன்ல மாட்டிருச்சு. விடு.”

“எங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!”

“சொன்னா முளைச்சிருமா?” என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். இந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கிதார் பிடித்தவன் அவன்தான். கோயில் பாட்டுக் குழுவில் பதினெட்டு வயசில் அவன் வாசித்ததைக் கேட்டுத்தான் ஸ்டான்லிக்கு அந்தப் பைத்தியமே பிடித்தது. தந்தியை அழுத்துகிற கை இடது கை.

“கம்பெனியில விரலுக்குன்னு காசு குடுத்தாங்க. அதை வச்சுச் சோறு திங்க மனசு வரல. அதான் தம்பிக்கு இதை வாங்கினேன். நீ என்னமோ பலகையில அடிச்சுக் குடுத்திருக்கேன்னு எழுதியிருந்தியே. பாவம், மோட்டாரு சுத்துற புள்ள, நீ என்ன செய்வ? உன்னால ஆனதச் செஞ்ச.” இட்லியைப் பிட்டபடி அவன் பெட்டியைப் பார்த்தான். “இனிமே என் விரலு வாசிக்காது. அதுக்குப் பதிலா இது வாசிக்கட்டும். இன்னைக்கு முதல் வரிசையில உக்காந்து கேக்கணும் தாயி. அதுக்குத்தான் வந்தேன்.”

இளவேனில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எடுக்கப் போகிற மாதிரி உள்ளே போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அண்ணனுக்காக அழுதாளா, தனக்காக அழுதாளா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

எட்டு மணிப் பூசைக்கு ஆனந்த்ராஜ் கிளம்பிப் போனான். அவன் தலை தெருமுனையில் மறைந்ததும் ஸ்டான்லி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடிவந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

“அக்கா, இதைக் கேளு.”

ஒயரைச் சொருகினான். மெதுவாக வாசித்தபோது டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சத்தத்தைக் கூட்டினான். வீல் என்று ஒரு கீச்சல், தெருவில் போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். தந்தியை விட்டுக் கையை எடுத்தும் கீச்சல் நிற்கவில்லை.

“டூப்ளிகேட்டாக்கா?”

இளவேனில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நம்பர் இருந்தது, சீல் இருந்தது, கம்பெனிக் காகிதம் இருந்தது. “ஒரிஜினல்தான்டா.”

“ஒரிஜினலா இப்படிக் கத்துது?”

“பேரு ஒரிஜினல்.”

ஸ்டான்லி முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். “நான் உன் கிதாரையே வாசிக்கிறேன்க்கா. உனக்கு வாக்குக் குடுத்திருக்கேன்ல. அண்ணன்கிட்ட எதாச்சும் சொல்லிக்கலாம்.”

“என்னத்தச் சொல்லுவ? ரெண்டு விரலக் குடுத்து வாங்குனது சரியில்லைன்னு சொல்லுவியா?”

விரல் சங்கதி அவனுக்கும் நேற்று ராத்திரியே தெரிந்திருந்தது. இவள் அழுவாளே என்று சொல்லாமல் மறைத்திருந்தான்.

“நீ போ. அண்ணனுக்குத் துணையா கோயில்ல நில்லு. மதியம் வரைக்கும் இங்கிட்டு வரக் கூடாது” என்றாள்.

“என்ன செய்யப் போற?”

“என்னமோ ஒரு கம்பி விட்டிருக்கும். பாத்து வைக்கிறேன், போடா.”

அவன் போனதும் கதவைச் சாத்தினாள். திருப்புளியை எடுத்து பிக்கப்பின் மூடியைக் கழற்றினாள். உள்ளே பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது, பாருங்கள், அப்படியொரு கோபம்! வெளியே முகம் பார்க்கிற மாதிரி பாலீஷ். உள்ளே கம்பியை ஏனோதானோ என்று சுற்றி, ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் விட்டிருந்தார்கள். சுற்று நகராமல் இருக்க மெழுகு ஊற்ற வேண்டும். அதுவும் இல்லை. கம்பி லொடலொடவென்று ஆடியது. கத்தாமல் என்ன செய்யும்?

“அகரத்துத் தோட்ட மோட்டாருக்கு இப்படிச் சுத்திக் குடுத்தா, சம்சாரி கடைக்குள்ள வந்து சட்டையப் பிடிப்பாரு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தக் கம்பெனிக்காரனின் சட்டையை யார் பிடிப்பது? பேர் பெரியதாக இருந்தால் கிடைக்கிற சௌகரியம் அதுதான்.

புதிதாகச் சுற்ற ஒரு நாள் முழுக்க வேண்டும். மதியம் அவர்கள் திரும்புவதற்குள் இருப்பது மூன்று மணி நேரம்.

சுவரில் அவள் செய்த கிதார் மாட்டியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் இறக்கினாள்.

ரஹ்மத்துல்லா கடையில் வாங்குகிற மூடி பொருந்த வேண்டுமே என்று, அவளுடைய காயில்களையும் அந்த நாளிலேயே கம்பெனி அளவுக்குத்தான் செய்திருந்தாள். அப்படியே பொருந்தும். சால்டரிங் அயர்னைச் சூடாக்கித் தன் கிதாரின் காயில்களைப் பிரித்தெடுத்தாள். திருவிழாவுக்குத் திருவிழா மாதா கெபியில் எரிந்து மிச்சமான மெழுகுதிரிகளைப் பொறுக்கி வந்து, உருக்கி, அதில் முக்கியெடுத்த காயில்கள். இன்னும் லேசாகச் சாம்பிராணி வாசம் அடித்தது.

ஒவ்வொரு காயிலின் அடியிலும் மெழுகுக்குள் ஒரு துணி நாடா தெரிந்தது. மோட்டார் சுற்றுகிற கடைகளில் அது வழக்கம். எந்தக் காயில் யாருடையது என்று மாறிப்போகாமல் இருக்க, பேரும் ஊரும் எழுதி நாடாவில் கட்டிவிடுவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் கைப் பழக்கத்தில் இதற்கும் கட்டியிருந்தாள். ‘ஸ்டான்லி, நாகல் நகர். சுற்றியது இளவேனில்.’ மை கொஞ்சம் ஊறியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

நாடாவை எடுத்துவிடலாமா என்று நகத்தால் நெருடினாள். கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. இழுத்தால் கம்பி அறும். யார் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

கிரான்வெல்லுக்குள் தன் காயில்களை வைத்து, ஈயம் பற்றவைத்து, அவர்களுடைய பளபள மூடியைப் போட்டு மூடினாள். அவசரத்தில் சூடு கட்டைவிரலில் பட்டுத் தோல் வழன்றது. கம்பெனிக் காயில் இரண்டையும் அப்பாவின் பழைய தகர டப்பாவில் போட்டாள். தன் கிதாரின் காலிப் பள்ளங்கள் மேல் பழைய மூடிகளை வெறுமனே திருகி வைத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே உயிர் இல்லை.

மதியம் ஸ்டான்லி வந்து ஒயரைச் சொருகி ஒரு தட்டுத் தட்டினான். கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு நிமிஷம் வாசித்துவிட்டு, “அக்கா! என்ன பண்ணின?” என்றான்.

“ஒரு கம்பி விட்டிருந்துச்சு.”

“ஒரே கம்பியா? அம்புட்டுத்தானா?” அவன் கிதாரைத் தடவினான். “சும்மா சொல்லக் கூடாதுக்கா. கிரான்வெல்னா கிரான்வெல்தான்.”

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் ஆனந்த்ராஜ் உள்ளே வந்துவிட்டான். வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறான். கண்ணெல்லாம் தண்ணீர். திறந்த வாயை இளவேனில் மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் சப்பரம் நிலைக்கு வந்து, பொரியும் ரொட்டியும் கொடுத்து முடித்து, ஏழு மணிக்கெல்லாம் கச்சேரி ஆரம்பித்துவிட்டது. முதல் வரிசையில் அண்ணனும் தங்கையும். நாலு நாற்காலி தள்ளி ரஹ்மத்துல்லா, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு.

ஸ்டான்லி என்னமாய் வாசித்தான்! மாதா பாட்டுக்கு நடுவில் அவன் தனியாக வாசித்த இடத்தில் குழந்தைகள் கூட அழுகையை நிறுத்தின. ஆனந்த்ராஜ் மூன்று விரல் கையைத் துண்டில்லாமல் தொடையில் வைத்து, தந்தி அழுத்துகிற மாதிரி அழுத்திக்கொண்டே கேட்டான். இல்லாத விரல்களும் சேர்ந்து அழுத்துகிறதாக இளவேனிலுக்குத் தோன்றியது.

பாட்டு முடிந்ததும் ஸ்டான்லி மைக்கைப் பிடித்தான். இளவேனில் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். ஸ்டிக்கர் கிழிக்க அந்தக் கிதார் மேடையில் இல்லை, சரி. பேரைச் சொல்ல வாய் போதுமே.

“இந்தக் கிதாரு எங்க அண்ணன் ஆனந்த்ராஜ் வாங்கிக் குடுத்தது. கிரான்வெல். அமெரிக்கா” என்றான். கைதட்டல் கூரையைத் தூக்கியது. “நாலு வருஷமா நான் வாசிச்ச கிதாரு ஃபாரின்னு நெனச்சிருப்பீங்க. அது ஃபாரின் இல்ல. அது வந்து...”

அக்காவைப் பார்த்தான். பக்கத்தில் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் அந்தக் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான்.

“அது சும்மா வீட்டுல செஞ்சது. இதுக்கும் அதுக்கும் மலைக்கும் மடுவுக்கும்!”

கூட்டம் சிரித்தது. நாலு வருஷமாக ஏமாந்தோமே என்று ஒருவன் விசிலடித்தான். ஆனந்த்ராஜும் சிரித்தபடி தங்கையின் தோளில் தட்டிக்கொடுத்தான். இளவேனிலும் கைதட்டினாள். வெந்த கட்டைவிரல் சுரீரென்றது, ஆனாலும் நிறுத்தாமல் தட்டினாள். பாவி, உன் பேரையே விழுங்கிவிட்டு நீயே கைதட்டுகிறாயே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவளுக்கு வரவில்லை.

கூட்டம் கலைந்ததும், அண்ணனும் தம்பியும் முன்னால் போக, ரஹ்மத்துல்லா இளவேனிலோடு அவள் கடைவரை நடந்துவந்தார்.

“தம்பி உன் பேரைச் சொல்லலியேம்மா.”

“மறந்திருப்பான் பாய்.”

“போகட்டும். அந்தப் பழைய கிதார எடு. சபை சொல்லாட்டி என் காது சொல்லட்டும்.”

“இன்னைக்கு வேணாம் பாய்...”

“அட, காட்டு தங்கச்சி! என்ன வெக்கம்?” என்று ஆனந்த்ராஜே நல்ல மனசோடு உள்ளே போய் அதைத் தூக்கிவந்தான். அவனே ஒயரையும் சொருகினான்.

ரஹ்மத்துல்லா தந்தியைத் தட்டினார். ஸ்பீக்கர் பேசவில்லை. திருகைத் திருகிவிட்டு மறுபடி தட்டினார். ஒரு முனகல் கூட இல்லை. வெறும் தந்திதான் பலகையில் மெல்ல அதிர்ந்தது.

“இதுக்கு மூச்சே இல்லையேம்மா” என்றார். அவர் முகம் சுருங்கிப் போனது. “இதையா என் கடைக் கண்ணாடிக்குள்ள தொங்கவிடுறேன்னு சொன்னேன்?”

இளவேனில் தரையைப் பார்த்தாள். அண்ணன் நடுவில் நிற்கிறான். என்ன சொல்வாள்?

ரஹ்மத்துல்லா வாசல்வரை போனார். செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். “ஏம்பா ஸ்டான்லி, ஒரு விஷயம் இடிக்குது. நாலு வருஷமா நீ வாசிச்சு நான் கேட்ட சத்தமும், இன்னைக்கு மேடையில கேட்ட சத்தமும் ஒண்ணாத்தான்பா என் காதுக்குப் பட்டுச்சு. அந்தப் புதுசை ஒருக்கத் திறந்து பாக்கணும். நாளைக்கு வரட்டுமா?”

ஸ்டான்லி திருதிருவென்று விழித்தான். நாளை ராத்திரி ரயிலில் அவன் சென்னை போகிறான், ஒரு ஸ்டுடியோவில் வாசித்துக் காட்ட. கிதார் கூடவே போகிறது.

இளவேனில் அப்பாவின் தகர டப்பாவைப் பார்த்தாள். அவர் திறப்பதற்குள் கம்பெனிக் காயிலையே திரும்ப மாட்டிவிடலாம். மாட்டினால் சத்தம் போய்விடும், ஸ்டான்லியின் சென்னையும் அதோடு போய்விடும். மாட்டாவிட்டால் மெழுகுக்குள் நாடா இருக்கிறது. அதில் அவள் கையெழுத்தில் அவள் பேர் இருக்கிறது. அண்ணன் படித்தால், அந்த இரண்டு விரலும் அவனுக்கு இன்னொரு தடவை போகும். அந்தப் பேரை யாராவது படிக்கமாட்டார்களா என்றுதான் நாலு வருஷமாக அவள் ஏங்கினாள்.

“தாராளமா வாங்க பாய்!” என்றான் ஆனந்த்ராஜ். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. “பத்து மணிக்கு வாங்க. எல்லாருமே பாப்போம்.” பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, அந்த மூன்று விரல் கையை அவள் தலையில் வைத்தான்.

“நீயும் பக்கத்துல உக்காந்து நல்லாப் பாத்துக்க தாயி. அமெரிக்காக்காரன் காயிலு எப்படிச் சுத்துறான்னு தெரிஞ்சுக்கிட்டா, உன் தொழிலுக்கும் ஆகும்.”

“சரிண்ணே” என்றாள் இளவேனில்.